மச்சுப் பலகையும் மூங்கில் தரையும்: நம்ம குமரி மாவட்ட ஈரக்காற்றில் மேல்கோட் அடிக்க ஒரு முழு வழிகாட்டி

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டு மச்சுப் பலகையை, அதாவது மாடித் தரையாகப் போட்ட மரப்பலகையைப் பார்த்ததும் "மெஷின் வச்சு முழுசா தேச்சு எடுத்துரலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். தேய்த்து எடுத்த மரம் திரும்பி வராது. மேலே இருக்கும் பூச்சு மட்டும் மங்கிப்போய், அடியில் மரம் நன்றாக இருந்தால், பழைய பூச்சை லேசாக உரசிவிட்டு அதன் மேலேயே புதுக் கோட் அடித்தால் போதும். சில நாள் வேலைதான், செலவும் குறைவு. இந்தக் குறிப்பு முழுக்க அதைப் பற்றித்தான், முழுசாக உரச வேண்டிய இடம் வரும்போது அதையும் சொல்கிறேன்.

தக்கலை, திருவட்டாறு, குலசேகரம் பக்கம் பழைய ஓட்டு வீடுகளில் மச்சு என்றால் பெரும்பாலும் தேக்கு, அயனி, பலா. கொஞ்சம் வசதியான வீட்டில் ஈட்டி (ரோஸ்வுட்). புதிதாகக் கட்டுகிறவர்கள் சிலர் மூங்கில் பலகையை, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் மாதிரியில் வாங்கிப் போடுகிறார்கள். இரண்டுக்கும் மேல்கோட் அடிக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் மூங்கிலில் சில இடத்தில் கவனம் வேண்டும், அந்தந்த இடத்தில் சொல்கிறேன். பத்மநாபபுரம் அரண்மனையில் பார்த்த கறுப்பு மினுமினுப்புத் தரை மாதிரி வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. அது சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துச் செய்ததாகச் சொல்வார்கள். அது சாந்துத் தரை, மரத்தரையின் கணக்கே வேறு.

தரையிடம் மூன்று கேள்வி

ஒன்று, பூச்சு இன்னும் உயிரோடு இருக்கிறதா? நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில், அதாவது கதவுப்பக்கம், படி முடிகிற இடம், கட்டிலுக்குப் பக்கம், இங்கெல்லாம் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். சொட்டு முத்து மாதிரி அப்படியே நின்றால் பூச்சு இருக்கிறது, உரசி மேல்கோட் அடிக்கலாம். தண்ணீர் உள்ளே இறங்கி மரம் கறுத்தால் அங்கே பூச்சு போய்விட்டது. இப்படி ஒன்றிரண்டு இடம் மட்டும் என்றால் அந்த இடத்தை மட்டும் மரம் வரை உரசிச் சரிசெய்யலாம், ஆனால் திட்டு கொஞ்சம் தெரியும். பாதித் தரை இப்படி என்றால் முழுசாக உரசத்தான் வேண்டும்.

இரண்டு, மேலே இருக்கும் பூச்சு என்ன? ஒரு மூலையில், பீரோவுக்கு அடியில், பஞ்சில் பாலிஷ் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். இளகி ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பி.யு.வோ (பாலியூரிதேன் பூச்சு) பழைய வார்னிஷோ. அரக்குப் பாலிஷின் மேல் நேரடியாக பி.யு. அடிக்கக் கூடாது, பல நேரம் மெழுகு கலந்திருக்கும், பிடிக்காது, செதில் செதிலாக உரிந்து வரும். அதை மரம் வரை எடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாவதுதான் நம்ம ஊர்க் கேள்வி. இந்தப் பலகையில் என்னென்ன எண்ணெய் தடவியிருக்கிறார்கள்? பாட்டி காலத்தில் மச்சுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்திருப்பார்கள், கரையானுக்கு வேப்பெண்ணெய் போட்டிருப்பார்கள். அண்டி ஆபீஸ்கள் (முந்திரிப் பருப்பு ஆலைகள்) நிறைந்த பக்கங்களில் முந்திரி ஓட்டெண்ணெயை உத்திரத்துக்கும் பலகைக்கும் அடித்திருப்பார்கள். அது கையில் பட்டால் தோலைப் பொத்துவிடும், மரத்தில் கறுப்பாக ஊறிக்கிடக்கும். எண்ணெய் ஊறின மரத்தில் எந்தக் கோட்டும் நிற்காது, அடித்தவுடனே அம்மைத்தழும்பு மாதிரிக் குழிகுழியாகப் பின்வாங்கும். மேலாகத் தடவிய எண்ணெய் என்றால் டர்பன்டைன் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதுத் துணி எடுத்து, துடைத்தால் வந்துவிடும். முந்திரி எண்ணெய் ஊறிய பலகைக்கு பி.யு. வேண்டாம் என்பது என் கருத்து. அதை அப்படியே விட்டுவிடுங்கள், அதுவே அந்த மரத்தைக் காக்கிறது.

மூங்கில் தரைக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கம்பெனியிலிருந்தே பூச்சோடு வந்ததா? அப்படி வருவதில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு கலந்த பூச்சு, கல் மாதிரி கெட்டி. அதை முழுசாக எடுக்க முயன்றால் தாள்தான் தேயும், பொறுமையும் தேயும். மங்கலாக்கி மேலே அடிப்பதே வழி. பலகை அடுக்கடுக்காக ஒட்டிய வகையில் மேல் அடுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், அங்கே கனமான மெஷினை நினைக்கவே வேண்டாம். தேன் நிறத்தில் வரும் மூங்கில் நீராவியில் வேகவைத்து நிறம் ஏற்றியது, வெளிர் நிறத்தைவிட மென்மையானது, கொஞ்சம் அழுத்தினாலே பள்ளம் விழும்.

எந்தக் கோட் வாங்குவது

எண்ணெய் சார்ந்த பி.யு. மரத்துக்குத் தேன் நிறம் கொடுக்கும், மெதுவாகக் காயும், அடிக்கும்போது நிரவிக்கொள்ள நேரம் கிடைக்கும். அடுத்த கோட்டுக்கு ஒரு நாள் ஆகும், வாடை பலமாக இருக்கும், முழுசாகக் கெட்டிப்பட ஒரு மாதம் வரை பிடிக்கும். தண்ணீர் சார்ந்த பி.யு. நிறம் மாற்றாது, வாடை குறைவு, இரண்டு மூன்று மணி நேரத்தில் அடுத்த கோட், ஏழு நாளில் கெட்டிப்படும். விலை அதிகம், ஒவ்வொரு கோட்டும் மெல்லியது என்பதால் மூன்று நான்கு கோட் தேவைப்படும். இரண்டு டப்பாவாக வந்து கலந்து அடிக்கும் வகை எல்லாவற்றையும்விட உறுதி, ஆனால் அதில் பெரும்பாலும் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கும். துணி மாஸ்க் அதற்குப் பத்தாது, கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். வீட்டிலேயே நீங்களாகச் செய்வதென்றால் அந்த வகையை விட்டுவிடுங்கள்.

என் தேர்வு: அயனி, பலா, தேக்குக்கு எண்ணெய் சார்ந்தது, மூங்கிலுக்குத் தண்ணீர் சார்ந்தது. ஈட்டி மட்டும் வம்பு. அதன் இயற்கை எண்ணெய் எண்ணெய்-பி.யு.வைக் காயவிடாது, நாள்கணக்கில் பிசுபிசுக்கும். அதற்கு மெழுகு நீக்கிய அரக்கை ஒரு கை அடித்து, அதன் மேல் பி.யு. அடிக்கலாம். தேக்கிலும் எண்ணெய் உண்டு, உரசி முடித்ததும் தின்னரால் துடைத்துவிட்டு உடனே அடித்தால் பிரச்சினை இல்லை.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 100 முதல் 120 சதுர அடி ஓடும். 12-க்கு 14 அறை 168 சதுர அடி, மூன்று கோட் என்றால் சுமார் 5 லிட்டர். எல்லாவற்றையும் ஒரே தடவையில், டப்பாவின் பேட்ச் நம்பர் பார்த்து ஒன்றாக வாங்குங்கள். மினுமினுப்பு எவ்வளவு என்பதும் அப்போதே முடிவாகட்டும். கண்ணாடி மாதிரி மின்னுவது கடையில் அழகு, வீட்டில் ஒவ்வொரு கீறலையும் காட்டிக்கொடுக்கும். பாதி மங்கலான சாட்டின்தான் தரைக்கு நல்லது.

எப்போது அடிப்பது

நான் முதல் தடவை அடித்தது ஐப்பசியில். வீட்டில் ஒரு விசேஷம், அதற்குள் மச்சைப் பளபளப்பாக்கிவிடலாம் என்று அவசரம். எங்கள் வீட்டு மூத்தாசாரி வந்து பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மக்கா, மரம் குளுந்து கெடக்கு, தை பொறக்கட்டும்" என்றார். நான் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் மழை விட்டதும் ஈசல் வந்தது. லைட்டை அணைக்கத் தோன்றவில்லை. நூற்றுக்கணக்கான சிறகு பி.யு.வில் ஒட்டி நின்றது. அது போதாதென்று நான்கு நாள் ஆகியும் தரை ஒட்டிக்கொண்டே இருந்தது. பிறகு மாசியில் எல்லாவற்றையும் உரசி எடுத்து முதலிலிருந்து செய்தேன்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூன் முதல் தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. அதனால் நமக்குக் கிடைக்கும் நல்ல காலம் தை, மாசி, பங்குனி, கும்பப்பூ நெல் அறுவடை நடக்கும் சமயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலே போகும் நாளில் அடிக்காதீர்கள், அதை அளக்கும் சின்னக் கருவி கடைகளில் கிடைக்கிறது. மரத்தின் ஈரத்தை அளக்க ஊசிமுனைக் கருவி உண்டு, ஆசாரியிடமோ மரக்கடையிலோ இரவல் கேளுங்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது, முக்கியமாக அறையின் நாலு மூலையிலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். ஒரு மூலை மட்டும் கூடுதலாகக் காட்டினால் மேலே ஓடு ஒழுகுகிறது. முதலில் ஓட்டைப் பாருங்கள்.

காலை பனி ஈரம் போனபின், ஒன்பது ஒன்பதரைக்குத் தொடங்குங்கள். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கத்துக்காரர்களுக்குக் கூடுதல் தொல்லை காற்று. காற்று தூசியையும் கொண்டுவரும், கோட்டை அரைகுறையாகக் காயவைத்துப் பட்டை பட்டையாகவும் ஆக்கும். காற்று வரும் பக்கத்து ஜன்னலை அடைத்து எதிர்ப்பக்கத்தை மட்டும் திறந்து வையுங்கள்.

தயார் செய்வது

மச்சில் வேலை என்றால் முதல் வேலை கீழே. உங்கள் மச்சின் அடிப்பக்கம்தான் கீழ் அறையின் கூரை, பலகைகளுக்கு இடையில் சந்து இருக்கும், தூளும் கோட்டும் அதன் வழியே இறங்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பி.யு. சொட்டு நேராக அரிசிப் பானையில் விழுந்தது. கீழ் அறையைக் காலி செய்து பிளாஸ்டிக் விரித்துவிடுங்கள். சந்துகளை மக்கு (புட்டி) வைத்து அடைக்க ஆசை வரும். அகலமான சந்தில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் பலகை ஊதும், பங்குனி வெயிலில் சுருங்கும், மக்கு நொறுங்கித் துருத்தும். ஆணித் துளை, சின்னக் கீறல், இதற்கு மட்டும் மக்கு.

அடுத்து ஆணி. கடற்காற்று படும் வீட்டில் இரும்பாணித் தலைகள் துருப்பிடித்து நிமிர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் ஆணிமுளை வைத்து மரத்துக்குள் இரண்டு மில்லிமீட்டர் இறக்குங்கள். விட்டுவிட்டு மெஷின் ஓட்டினால் தாள் கிழியும், பொறி பறக்கும், கீழே குவிந்த மரத்தூளில் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பலகையில் ஊசித்துளையும் பக்கத்தில் மாவு மாதிரிப் பொடியும் தெரிந்தால் வண்டு இருக்கிறது. ரப்பர் மரத்துக்கும் மூங்கிலுக்கும் இது வழக்கமான நோய். போரேட் என்ற வண்டு மருந்துக் கரைசல், பூச்சு இல்லாத மரத்தில்தான் ஊறும், கோட் அடித்தபின் உள்ளே போகாது. ஆகவே அந்த இடத்தை மரம் வரை உரசி, மருந்து அடித்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு மற்ற வேலை.

உரசுவது

பூச்சு உயிரோடிருக்கும் தரைக்கு 150 அல்லது 180 நம்பர் உப்புத்தாள், மரரேகை ஓடும் திசையிலேயே. கையில் ஒரு கட்டைத் துண்டில் சுற்றிப் பிடித்தாலும் சரி, சின்ன ஆர்பிட்டல் மெஷின் இருந்தாலும் சரி. நோக்கம் ஒன்றுதான், மினுமினுப்பு போய் எல்லா இடமும் சாம்பல் பூத்த மாதிரி மங்க வேண்டும். பளபளப்பாக ஒரு திட்டு மிஞ்சினால் அந்தத் திட்டில்தான் ஆறு மாதத்தில் உரியும். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், விட்டுப்போனது எல்லாம் தெரியும்.

முழுசாக உரச வேண்டியிருந்தால் 60-ல் தொடங்கி 80, 100, 120 என்று ஏறுங்கள். 60-லிருந்து நேராக 120-க்குத் தாவினால் 60 போட்ட கோடுகள் கோட்டுக்கு அடியில் சிரிக்கும். தாளை 120-க்கு மேலே நயமாக்கவும் வேண்டாம், கோட் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் சொரசொரப்பு தேவை. மூங்கிலில் குறுக்கே உரசவே கூடாது, நார் சிலும்பும். மிகப் பழைய பெயிண்ட் அடித்த பலகை என்றால் அதில் ஈயம் இருக்கலாம், காய்ந்த நிலையில் உரசித் தூள் பறக்கவிடாதீர்கள்.

தூளை வாரியலால் கூட்டினால் பாதி எழுந்து மறுபடி படியும். வாக்குவம் கிளீனர் கடன் வாங்கியாவது உறிஞ்சி எடுங்கள், பிறகு பிழிந்த துணியால் துடையுங்கள். எண்ணெய்-பி.யு. என்றால் துணி டர்பன்டைனில், தண்ணீர்-பி.யு. என்றால் தண்ணீரில். தண்ணீர்-பி.யு. அடிக்கப் போகிற தரையில் எஃகு நாரைப் பயன்படுத்தாதீர்கள். அதன் துகள் மரத்தில் சிக்கித் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாக வரும்.

இனி, முழுத் தரைக்கும் போகும் முன் பீரோவுக்கு அடியில் ஒரு சதுர அடி மட்டும் உரசி, ஒரு கோட் அடித்து ஒரு நாள் விடுங்கள். மறுநாள் பிளேடால் அதில் கட்டம் கட்டமாகக் கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு செதில் வந்தால் உரசியது போதவில்லை, அல்லது எண்ணெய் போகவில்லை. கம்பெனிப் பூச்சு மூங்கிலுக்கு இந்தச் சோதனையைத் தவிர்க்கவே முடியாது.

கோட் அடிப்பது

கேஸ் அடுப்பை அணையுங்கள். எண்ணெய்-பி.யு. என்றால் குத்துவிளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி எல்லாமே. ஃபேனை நிறுத்துங்கள்.

டப்பாவைக் குலுக்காதீர்கள், குமிழி ஏறும். கட்டையான குச்சியால் அடியிலிருந்து பைய கலக்குங்கள், மங்கலாக்கும் பொடி அடியில்தான் படிந்திருக்கும். கலக்காமல் அடித்தால் முதல் பாதி மினுங்கும், கடைசிப் பாதி மங்கும். நைலான் சேலைத் துண்டில் வடிகட்டி அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். எண்ணெய் வகைக்கு மயிர் பிரஷ், தண்ணீர் வகைக்கு நைலான் பிரஷ்.

வாசலுக்கு எதிர் மூலையில் தொடங்குங்கள். சுவரோரம் நான்கு அங்குலத்தை பிரஷ்ஷால் அடித்துக்கொண்டே, ஈரம் காய்வதற்குள் நடுப்பகுதியை ரோலராலோ கம்பு வைத்த கம்பளி அப்ளிகேட்டராலோ நிரப்பி, மரரேகையோடு ஒரே நீளத்துக்கு இழுத்துப் பின்வாங்குங்கள். இரண்டு மூன்று பலகையாக எடுத்து நீளத்துக்கு முடித்து அடுத்ததற்குப் போவது நல்லது, ஏனென்றால் எல்லை பலகைச் சந்தில் விழுந்துவிடும், தெரியாது. முக்கியமான விஷயம், முந்தின பட்டையின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டை அதைத் தொட வேண்டும். பாதியில் சாயா குடிக்கப் போனால் அந்த இடத்தில் கோடு விழும், போகவே போகாது. தப்பு தெரிந்தாலும் திரும்பிப்போய் தொடாதீர்கள், காய்ந்ததும் உரசிக்கொள்ளலாம்.

கோட் மெல்லியதாக இருக்கட்டும். தடியாக ஒரே கோட் அடித்தால் மேலே தோல் கட்டி உள்ளே பச்சையாக நிற்கும், அதுவும் நம்ம காற்றில்.

மரப்படி இருந்தால் ஒன்று விட்டு ஒன்று அடியுங்கள். மச்சுக்கு ஏறி இறங்க மற்றப் படிகள் கிடைக்கும், இவை காய்ந்ததும் அவற்றை அடிக்கலாம்.

மேலே பிசுபிசுப்பு போனபின் ஃபேன் போடலாம். அடுத்த கோட்டுக்கு முன் 220 நம்பரால் லேசாக உரசித் துடையுங்கள். தண்ணீர்-பி.யு.வில் முதல் கோட்டுக்குப் பிறகு மரநார் எழுந்து சொரசொரக்கும், பயப்பட வேண்டாம், அதே உரசலில் போய்விடும். தாளில் தூள் வெள்ளைப் பொடியாக வந்தால் காய்ந்துவிட்டது, உருண்டு ஒட்டினால் இன்னும் ஆகவில்லை, கிளம்பிப் போய்விடுங்கள். கடைசிக் கோட்டுக்குப் பிறகு உரச வேண்டாம்.

எண்ணெய்-பி.யு., டர்பன்டைன் நனைத்த துணிகளை உருண்டையாகச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடாகும், உருண்டைக்குள் சூடு அடைந்து தானாகவே தீப்பிடிக்கும். இதைக் கதை என்று நினைக்க வேண்டாம். தண்ணீரில் முக்கி, வெளியே தரையில் தனித்தனியாக விரித்துக் காயவிட்டுப் பிறகு தூக்கிப் போடுங்கள்.

கோளாறு வந்தால்

பால் படர்ந்த மாதிரி வெளுத்தால் ஈரம் உள்ளே மாட்டியிருக்கிறது. இரண்டு மூன்று வெயில் நாள் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பாருங்கள், தெளியாவிட்டால் அந்தக் கோட்டை உரசி எடுக்க வேண்டும். குழிகுழியாக வந்தால் எண்ணெய், மேலே மேலே அடித்து மறைக்க முடியாது, உரசி, துடைத்து, மறுபடி. சின்னச் சின்ன மணல் மாதிரித் தட்டுப்பட்டால் வெறும் தூசிதான், 220 போதும். ஒரு வாரமாகியும் பிசுபிசுப்பு விடவில்லை என்றால் அடியில் ஈட்டியோ, மெழுகோ, தடிமனோ ஏதோ ஒன்று. அதன் மேல் இன்னொரு கோட் அடித்தால் தொல்லை இரட்டிக்கும்.

காய்ந்த பிறகு

ஒரு நாள் கழித்து வெறுங்காலோடு நடக்கலாம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அங்கே படுப்பது ஒரு மாதத்துக்கு வேண்டாம். கட்டில், பீரோ மூன்று நான்கு நாள் கழித்து, இழுக்காமல் தூக்கி வையுங்கள், கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள். பாய், கார்ப்பெட் எதுவும் இரண்டு வாரத்துக்குப் போட வேண்டாம், எண்ணெய்-பி.யு. என்றால் ஒரு மாதம். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடியைத் தரை மேல் எப்போதுமே போடாதீர்கள், கறை விழும்.

தரைக்கு எமன் மணல்தான். மணவாளக்குறிச்சிப் பக்கக் கடற்கரை மணலில் கார்னெட் இருக்கிறது, அதே கார்னெட்டை ஒட்டித்தான் ஒரு வகை உப்புத்தாளே செய்கிறார்கள். பிள்ளைகள் கடற்கரைக்குப் போய்விட்டுக் காலைக் கழுவாமல் மச்சேறினால் உங்கள் புதுக் கோட்டை ஓசியில் உரசிக்கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். படியின் அடியில் ஒரு வாளித் தண்ணீரும் கயிற்று மிதியடியும் வையுங்கள்.

துடைக்கும்போது துணியை ஒட்டப் பிழியுங்கள், மூங்கில் பலகையின் கவ்வுச் சந்தில் தண்ணீர் நின்றால் ஓரம் ஊதித் தூக்கும். மெழுகுப் பாலிஷ், எண்ணெய் கலந்த தரைத் திரவம் எதையும் தொடாதீர்கள், அடுத்த தடவை மேல்கோட் பிடிக்காது. சில வருடம் கழித்து அதே தண்ணீர்ச் சொட்டுச் சோதனையைச் செய்து பாருங்கள். சொட்டு தட்டையாகப் பரவ ஆரம்பித்ததும், உள்ளே இறங்குவதற்கு முன்பே, 180 நம்பர் தாளும் ஒரு கோட்டும் போதும். மிஞ்சின டப்பாவை இறுக்கி மூடி, தேதியையும் எந்த அறைக்கு அடித்தது என்பதையும் மூடி மேல் எழுதி வையுங்கள், நான் எழுதாமல் விட்டதால் இப்போது என்னிடம் மூன்று அரை டப்பா இருக்கிறது, எது எதற்கென்று தெரியாது.